நவம்பரில் அந்தக் கடற்கரை

சென்ற மாதம் இலண்டன் நோர்பரியில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தேன். என் மச்சாளின் மகள் சர்மிளா சுற்றுலா இணையத்தளம் ஒன்றில் பெரிய வேலையில் இருக்கிறாள். என் கையில் இருந்த கட்லட்டை வாங்கித் தட்டில் வைத்துவிட்டுத் தன் தொலைபேசியை நீட்டினாள். ஸ்பெயினில் ஒரு சிறிய ஊரின் கடற்கரை. ஹோட்டல் கூரையில் கமரா பூட்டியிருக்கிறார்களாம். இந்த நிமிடம் அங்கே அலை எப்படி அடிக்கிறது என்பதை நோர்பரியில் இருந்தபடியே பார்க்கலாம்.

"மாமா, உங்கடை காலத்திலை இதையெல்லாம் எப்பிடிப் பார்த்தனீங்கள்?"

"பார்க்கேல்லைப் பிள்ளை. பாராமல்தான் எழுதினனாங்கள்."

அவள் சிரித்தாள். ஊரின் பெயரைக் கவனித்ததும் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிழவனுக்குப் புதுச் சாமான் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள். தன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என் பழைய வேலையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி பிறகும் இரண்டு முறை கேட்டாள். எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் எதையும் மறைக்காமல் எழுதலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இலண்டனுக்கு வந்தேன். எல்லோரையும் போலப் பெற்றோல் நிலையத்தில் நின்றேன், எல்லோரையும் போலச் சளி பிடித்துக் கிடந்தேன். தட்டச்சு தெரியும் என்பதால், விடுமுறைப் பயணங்கள் விற்கும் கம்பனி ஒன்றில், கம்பி வழியாகத் தட்டச்சுச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் பகுதியில் எடுத்தார்கள். கம்பனியின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஸ்பானிய மொழி கற்றேன். அந்தக் கொஞ்சத்தை நம்பி என்னை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் மிஸஸ் கோல்மன் இருந்தார்.

மூன்றாம் மாடியின் வேலை கடற்கரைக் குறிப்பு எழுதுவது. மத்தியதரைக் கடலோரத்தில் கம்பனி ஆட்களை அனுப்பும் ஒவ்வொரு ஊரிலும் ரெப் ஒருவர் இருப்பார். எங்கள் பயணிகளைக் கவனிக்கும் ஆள். அவர் வாரத்துக்கு ஒருமுறை டெலக்ஸ் அடிப்பார். மணல் எப்படி, நீந்துகிறவர்களைக் கவனிக்கும் காவலர் கதிரையில் ஆள் இருக்கிறாரா, கடலின் ஆபத்தைக் காட்டும் கொடிக் கம்பத்தில் என்ன நிறம், கரைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் வரும். நாங்கள் அதைச் சுருக்கி எழுதி, பயணச்சீட்டு அனுப்பும் உறையில் வைப்போம். படம் போட்ட புத்தகம் தயாரிப்பவர்கள் கீழ் மாடியில் இருந்தார்கள். அவர்களுக்கு எல்லாக் கடலும் நீலம், எல்லா மாதமும் ஜூன்.

மிஸஸ் கோல்மன் கோடையிலும் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருப்பார். வெயில் ஒத்துக்கொள்ளாத தோல். ஒரு கடற்கரைக்கும் போனவர் அல்ல. அலுவலகப் பெடியள் அவருக்கு வைத்த பட்டப்பெயரை எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டிவரும். நான் எழுதிய முதல் குறிப்பை அவரிடம் கொண்டுபோனது இன்றும் நினைவில் இருக்கிறது. பென்சிலைக் கையில் எடுக்காமலே வாசித்தார்.

"'மென்மையான மணல், மெல்ல ஆழமாகும் கடல்.' யார் பார்த்தது?"

"ரெப் பார்த்தார்."

"எப்போது?"

"ஜூனில்."

"இந்த உறை யாருக்குப் போகிறது?"

"ஒக்டோபரில் போகிறவர்களுக்கு."

"அப்படியானால் இது வேறு கடற்கரை," என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வருடம் முழுவதும் டெலக்ஸ் தாள்களை வாசித்த பிறகுதான் விளங்கியது. பெரிய வெள்ளிக்கு முன் நகரசபை டிராக்டர்கள் வந்து, மழைகாலம் முழுவதும் கரையில் மலையாகக் குவிந்த சாதாளையை அள்ளிக்கொண்டு போகும். சாதாளை என்று நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்லும் கடற்புல் அங்கே கறுப்பாக, ஆள் உயரத்துக்குக் கிடக்கும். பிறகு மணலைச் சலித்துப் பரப்புவார்கள். மே மாதம் குடைகள். ஜூலையில் துவாய் விரிக்க இடமில்லை என்று முறைப்பாடுகள். செப்டெம்பர் கடைசியில் காற்றுத் திரும்பும். ஒரு திங்கட்கிழமை காவலர் கதிரையைக் கழற்றிக்கொண்டு போவார்கள், அதோடு கொடிக் கம்பமும் போகும். நடைபலகைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டுவார்கள். அதன் பிறகு கடல் தன் மணலைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் திட்டாக வைக்கும். கரை ஒடுங்கும். கோடையில் குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடிய இடத்தில், தண்ணீருக்குள்ளே ஒரு படி விழுந்திருக்கும். ஓர் அடியில் இடுப்பு, அடுத்த அடியில் தலை. மார்ச்சில் கடல் கொண்டுபோனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும்.

மழைகாலத்துக்கான தாளில் மிஸஸ் கோல்மன் தானே எழுதிய வரி ஒன்று இருந்தது. கொடி இல்லையென்றால் கடல் நல்லதென்று நினைக்க வேண்டாம், பார்க்க ஆள் இல்லை என்றுதான் பொருள், நீந்தாதீர்கள். அந்த வரியை ஒவ்வொரு வருடமும் கீழ் மாடி நீக்கச் சொல்லும், இவர் மறுப்பார். விற்பனைக்கு ஆகாத வரியாம்.

இனி அந்த நவம்பருக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காலையில் மேசைக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் மிஸஸ் கோல்மன் அறை வாசலில் நின்றார்.

"உன் மொழி பேசும் ஒரு தாய் ஸ்பெயினில் நம் கடற்கரை ஒன்றில் இருக்கிறார். மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர் பேசுவது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. பருவத்தின் கடைசி விமானம் ஆட்களை ஏற்றிவர வெறுமையாகப் போகிறது. அதில் போ."

வாசலைத் தாண்டும்போது மறுபடியும் கூப்பிட்டார். "கம்பனியின் பெயரில் ஆறுதல் சொல்லாதே. உன் பெயரில் சொல். பார்த்ததை மட்டும் எழுது. படம் எடு."

சர்மிளா தொலைபேசியில் காட்டிய அதே ஊர். பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கடற்கரையைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவை நேரில் கண்டேன். படத்தில் இருந்த ஒன்றையும் அங்கே காணவில்லை. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. சாம்பல் நிறக் கடல் நடைபாதைச் சுவர் வரை வந்து போனது. சாதாளைக் குவியலில் இருந்து அழுகல் நாற்றம். தார்ப்பாய் போட்ட பலகை அடுக்கின்மேல், சேலைக்கு மேலே மகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா இருந்தார். அறுபது வயது இருக்கும். பரமேஸ்வரி என்று பெயர். இலண்டனில் குட்மேய்ஸ் பகுதியில் இருந்து வந்தவர்.

"நீங்கள் தமிழோ, தம்பி?"

"ஓம் அக்கா."

"எவ்விடம்?"

"அளவெட்டி."

"அப்ப கீரிமலை கிட்ட," என்றார். பிறகு முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டு அழுதார். தமிழ் கேட்கும்வரை அடக்கி வைத்திருந்த அழுகை. நானும் அழுதேன். அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

அவர் சொன்னது இதுதான். கணவர் இலண்டனில் இறந்து ஒரு வருடம். ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தால், எங்கள் ஆட்கள் சாம்பல் கரைக்கும் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்று சாம்பலை அலுமாரியில் வைத்திருந்தார்கள். பாதை திறக்கவில்லை. முதல் வருட ஆட்டைத் திவசம் வந்துவிட்டது.

"லண்டனுக்குப் பக்கத்திலை சவுத்தெண்டுக் கடலிலை விடுவம் எண்டு பெடியன் கேட்டவன். நான்தான் ஏலாதெண்டனான். அவருக்குக் குளிர் ஒத்துவராது தம்பி. லண்டனுக்கு வந்த நாளிலையிருந்து குளிருது குளிருது எண்டே செத்த மனிசன். அந்தத் தண்ணியிலை எப்பிடி விடுறது? குகன் உங்கடை புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினவன். நீலக் கடல். இது சூடான கடல் அம்மா எண்டவன்."

குகன் ஒரே மகன். இருபத்தெட்டு வயது, கணக்காளர் அலுவலகத்தில் வேலை. காற்சட்டைக்கு மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு, இல்ஃபோர்டுக் கடையில் வாங்கிய முட்டி என்ற சிறு மண்பானையில் சாம்பலைக் கொட்டி, தலையில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கியிருக்கிறான். ஐயர் சொல்லி அனுப்பிய முறை. இடுப்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்து நின்று, முட்டியைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் விட வேண்டும். விட்டபின் ஒருவரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போகிறவரின் உயிர் போகாமல் தயங்கும் என்று சொல்வார்கள். தாய் முன்னாலே நடக்க வேண்டும், மகன் பின்னாலே வரவேண்டும்.

"அதாலை நான் காணேல்லைத் தம்பி. படியேறித் திரும்பினன். அவன் இல்லை."

எங்கள் தாள் அவரது கைப்பையில் இருந்தது. குகன் அதை வாசித்து அம்மாவுக்குச் சொல்லியும் இருக்கிறான். நீந்தப் போகிறவர்களுக்கு எழுதிய தாள் அது. இவர்கள் நீந்தப் போகவில்லை. வெள்ளைக்காரன் ஒருவனும் நவம்பர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டான். அப்படி ஒரு தேவையை எங்கள் மாடியில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நானும்தான், எனக்கு அந்த முறை தெரிந்திருந்தும்.

மழைகாலத்துக்காக ஹோட்டலை அடைக்கும் நாள் வந்தது. உடல் கிடைக்காமல் எழும்பமாட்டேன் என்று அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டார். நான் இலண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஹோட்டலை அடைப்பது ஹோட்டலின் விருப்பம். ஓர் அறையை அடைக்க மாட்டார்கள். நான் சொன்னதாகச் சொல்," என்றார் மிஸஸ் கோல்மன்.

அப்படியே ஓர் அறையும் ஒரு ஹீற்றரும் ஒரு சமையற்காரரும் எங்களுக்காக நின்றார்கள். சில நாட்களில் அடுத்த வளைவில், சாதாளைக் குவியலோடு குவியலாக, குகன் கிடைத்தான். வேட்டி இடுப்பில்தான் இருந்தது. பொலிஸார் என்னைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

பொலிஸ் அறிக்கை நான் போவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. பக்கத்து மாடிக் குடியிருப்பில் மழைகாலத்தைக் கழிக்க வந்திருந்த ஒரு டச்சுக்காரர் கண்ணாடிக் கதவுக்குள் இருந்து பார்த்திருக்கிறார். ஓர் இளைஞன் உடுப்போடு கடலுக்குள் நடந்தான். நின்றான். கரையைப் பார்த்துத் திரும்பினான். இரண்டு கையையும் மேலே தூக்கிப் பின்னால் வளைந்தான். பிறகு அவன் இல்லை. மனிதர் கண்டதைத்தான் சொன்னார், பொய் சொல்லவில்லை. அதை வாசிக்கும் எவருக்கும், தானே போனவன் என்றுதான் தோன்றும்.

உடல் இலண்டனுக்கு வந்ததால் இங்கே மரண விசாரணை நடக்க வேண்டியிருந்தது. அதற்குள் குட்மேய்ஸில் கதை புறப்பட்டுவிட்டது. பெடியன் கணக்காளர் சோதனையில் இரண்டாம் முறையும் தவறியவனாம். பேசிய சம்பந்தம் குழம்பியதாம். தகப்பனின் சாம்பலோடு தானும் போய்விட்டானாம். எங்கள் சனத்துக்கு ஒரு மரணம் போதாது, அதற்குக் காரணமும் வேண்டும். இறுதிச் சடங்கில் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"செத்தவன் செத்துப்போனான். தற்கொலை எண்டு மட்டும் எழுத விடாதேங்கோ தம்பி. என்ரை பிள்ளை என்னை விட்டிட்டுப் போறவன் இல்லை."

கம்பனியின் காப்புறுதி வழக்கறிஞருக்கோ அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. ஒருவர் தானே போனால் கடற்கரையில் குற்றமில்லை, கம்பனியிலும் குற்றமில்லை. எங்கள் மாடிக்கு வந்து மேசையில் படங்களைப் பரப்பினார். ஏப்ரல் மாதம் போய் எடுத்த படங்கள். டிராக்டர் வேலை முடிந்து, மணல் திரும்பி வந்து, தண்ணீர் பாலர் வகுப்புப் பிள்ளைகள் விளையாடும் குளம் மாதிரி இருந்தது. இதில் ஒரு வளர்ந்த ஆள் தவறி விழுந்து சாக முடியுமா என்று கேட்டார்.

மிஸஸ் கோல்மன் ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது வேறு கடற்கரை," என்றார். நான் நவம்பரில் எடுத்த படங்களையும் என் குறிப்பையும் விசாரணை அதிகாரிக்கே அனுப்பினார். மேலதிகாரிகள் கூப்பிட்டுக் கத்தியதாகக் கேள்வி. கோட்டைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார்.

அன்று மாலை என்னிடம் கேட்டார். "தாய் பார்க்கவில்லை. சரி. கேட்டாரா?"

"எதை?"

"எதையாவது. டச்சுக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். தாய் வெளியில் இருந்தார். போய்க் கேள்."

குட்மேய்ஸுக்குப் போனேன். முன் அறையில் தகப்பனின் படமும் மகனின் படமும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு மாலையோடு. அக்கா தேத்தண்ணி தந்தார். ஊர்க் கதை கொஞ்சம் கதைத்தோம். பிறகு கேட்டேன்.

"பார்க்கேல்லை எண்டு சொன்னனீங்கள் அக்கா. ஏதும் கேட்டதோ?"

அவர் என் கோப்பையைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு," என்று அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. அவர் திரும்பி வரவில்லை. நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.

"பதில் சொல்லவில்லை," என்றேன் மிஸஸ் கோல்மனிடம்.

"அப்படியானால் ஏதோ காதில் விழுந்திருக்கிறது," என்றார். மறுபடியும் போகச் சொல்லவில்லை.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. பள்ளிக்கூட வகுப்பு மாதிரி நாற்காலிகள். குட்மேய்ஸில் இருந்து சிலர் வந்திருந்தார்கள், ஆதரவுக்கு வந்தவர்களும் புதினம் பார்க்க வந்தவர்களும். டச்சுக்காரரின் சாட்சியத்தை வாசித்தார்கள். மிஸஸ் கோல்மன் எழுந்து இரண்டு கடற்கரைகளின் படங்களையும் காட்டி, எது எந்த மாதம் என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். மரண விசாரணை அதிகாரி வழுக்கைத் தலையர், பொறுமைசாலி. கடல் ஒருவரைக் கொண்டுபோயிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். ஆனால் இரண்டு கையையும் தூக்கிப் பின்னால் சாய்ந்ததாகச் சாட்சி இருக்கிறது, போராடியதாக ஒரு சாட்சியும் இல்லை என்றார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்தது சென்னைப் பெண்.

"அம்மா, அவசரமே இல்ல. மெதுவா சொல்லுங்க."

அக்கா முறையைச் சொன்னார். ஐயர் சொன்னதைச் சொன்னார். முட்டியை ஏன் பின்னால் விட வேண்டும் என்று சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு துண்டாக ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அக்கா நிறுத்தினார். சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"அவன் கூப்பிட்டவன்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா நிற்கவில்லை.

"'அம்மா' எண்டு கூப்பிட்டவன். நான் படிக்கு நடந்து போறன். திரும்பவும் கூப்பிட்டவன். எனக்குக் கேட்டது. நல்லாக் கேட்டது. தண்ணி குளிருதெண்டு கூப்பிடுறான் எண்டு நினைச்சன். திரும்பினால் அவருக்குப் போகேலாமல் போயிடுமெண்டு, வா மோனை, பின்னாலை வா எண்டு நடந்தபடியே சொன்னன். மூண்டாந்தரம் கூப்பிடேக்கை குரல் தூரத்திலை இருந்தது. அப்பவும் நான் திரும்பேல்லை. படியிலை கால் வைச்சபிறகுதான் திரும்பினன்." மூச்சு வாங்கினார். "சாகப்போறவன் அம்மா எண்டு கூப்பிடுவானோ, ஐயா? என்னைத்தான் கூப்பிட்டவன். காப்பாத்தச் சொல்லித்தான் கூப்பிட்டவன்."

மொழிபெயர்ப்பாளர் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினார். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். மிஸஸ் கோல்மன் என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். பின்வரிசையில் குட்மேய்ஸ் ஆட்களுக்கு மட்டும் எல்லாம் விளங்கியிருந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஒரு சொல்லையும் விடவில்லை.

விபத்து மரணம் என்று அதிகாரி தீர்ப்பு எழுதினார். தற்கொலை என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை என்று தனியாகவும் சொன்னார்.

வெளியில் மழை தூறியது. மிஸஸ் கோல்மன் அக்காவிடம் வந்தார், தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார். அந்தக் கோட்டை மிஸஸ் கோல்மன் தோளில் இருந்து இறக்கி நான் பார்த்த ஒரே நாள் அது. அக்கா அதை மறுக்கவில்லை.

"இனி அவனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கமாட்டினம், என்ன தம்பி?"

"மாட்டினம் அக்கா."

"என்னைப் பற்றிக் கதைக்கட்டும்," என்றார்.

கதைத்தார்கள். அடுத்த வருடம் விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் இருவர், குரலைத் தாழ்த்தவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், பெத்த பிள்ளை கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் போன தாயும் உலகத்தில் இருக்கிறாளே என்று பேசிக்கொண்டார்கள். அக்கா எங்களுக்கு நாலு பேர் முன்னால் தட்டோடு நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.